குதிரைவாலிக்கு வேஷம் எதற்கு?

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கரிசல் காடு. உழுது போட்ட மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. வானத்தில் மேகம் இருந்தது. ஆனால் அது மனம் இரங்கவில்லை. இருந்தாலும் இரண்டு நாளைக்கு முன்பே குதிரைவாலியைப் புழுதியில் விதைத்திருந்தார்கள். மழை வரும் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு ஈரம் அந்த மண்ணில் கிடையாது.

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் பெரியம்மாவின் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. அழகான தகர டப்பா ஒன்று கொண்டுவந்திருந்தாள். மூடியில் செம்மஞ்சள் இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கும் சித்திரம். அதற்குக் கீழே, இது இலையுதிர் காலத்துக்கென்றே செய்த கேக் என்றும், குளூட்டன் அறவே இல்லாதது என்றும், குதிரைவாலி முழுத் தானியத்தால் ஆனது என்றும் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது.

"அப்பத்தா, இது உங்க குதிரைவாலியிலே செஞ்சது. சாப்பிட்டுப் பாருங்க" என்றாள்.

பெரியம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏய்யா, இதிலே குதிரைவாலி எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் திருச்சுழி. 'நான் யார்?' என்று விசாரித்துக்கொள்ளச் சொன்னவர் அவர். அந்த விசாரணையை ஒரு தானியம் நடத்த வேண்டிய காலமும் வந்துவிட்டது என்று அன்றைக்குத் தோன்றியது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் சேர்மானங்களின் பட்டியல் இருந்தது. முதலில் சர்க்கரை. இரண்டாவது மரவள்ளி மாவுச்சத்து. மூன்றாவது மக்காச்சோள மாவுச்சத்து. நான்காவது பாமாயில். ஐந்தாவது இடத்தில், பந்தியில் இடம் கிடைக்காத ஏழை உறவினனைப் போல, குதிரைவாலி மாவு எட்டு சதவிகிதம்.

நம் நாட்டுச் சட்டப்படி இந்தப் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக எழுத வேண்டும். ஆகவே முன்பக்கத்துத் தங்க எழுத்தை விடப் பின்பக்கத்துப் பொடி எழுத்துத்தான் உண்மை பேசும். வாசகர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த டப்பாவின் மீது எனக்குக் கோபம் வந்தது. ஒரு டப்பாவோடு போகிற கோபமாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கம்பும் குதிரைவாலியும் வரகும் இப்போது பட்டணத்து மேஜைகளில் நாகரிகப் பண்டமாகிவிட்டன. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று பலர் எனக்குச் சொல்கிறார்கள். நான் சந்தோஷப்பட மறுக்கிறேன். ஏன் என்று சொல்லவேண்டியது என் கடமை.

முதலில் இந்த இலையுதிர் கால சமாசாரத்தைத் தீர்த்துவிடலாம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை நடந்து பாருங்கள். ஐப்பசியில் இலை உதிரும் மரம் ஒன்றைக் காட்டுங்கள். காட்டவே முடியாது. வழியெல்லாம் சீமைக் கருவேலம். அது எந்தக் காலத்திலும் இலையை உதிர்த்து நமக்கு உபகாரம் செய்வதில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் தமிழனுக்குக் கூதிர் காலம். மழைக்காற்று உடம்பைக் குத்தும் காலம். மற்ற ஊரெல்லாம் ஆடிப் பட்டம் தேடி விதைக்கும். இந்த மானாவாரிக் கரிசலோ வடகிழக்குப் பருவ மழையை நம்பிப் புரட்டாசியில் விதைக்கும். மேல்நாட்டான் அறுவடையை முடித்துவிட்டுப் பூசணிக்காயும் லவங்கப் பட்டையும் சேர்த்துக் கேக் சுடுகிற அதே மாதத்தில், நம் சம்சாரி விதையை மண்ணில் போட்டுவிட்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கவலைப்படும் மாதத்துக்கு அவனுடைய தானியத்தைக் கொண்டே ஒரு பண்டிகைப் பலகாரம் செய்து, அதன் மேல் எங்கோ உதிரும் இலையைச் சித்திரமாக ஒட்டுகிறார்கள்.

அடுத்தது குளூட்டன். இந்தச் சொல்லைச் சொல்லுகிறவர்களில் பலர் அதை ஏதோ விஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரப்பரைப் போல இழுபடுகிறதே, அந்தப் பசைதான் குளூட்டன். அது ஒரு புரதம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு மைதா மாவைக் காற்றில் வீசி விசிறி மடிக்கிறார்களே, அந்த வித்தை முழுவதும் அந்தப் பசையின் உபயம். கம்பும் சோளமும் கேப்பையும் குதிரைவாலியும் விளைந்த சீமை, இன்றைக்கு எண்ணெயில் பொரித்த மைதாவுக்குப் பேர்போன சீமையாகிவிட்டது. இது ஒரு தனிச் சோகக் கதை.

குளூட்டன் சிலருக்கு உண்மையாகவே கெடுதல் செய்யும். அவர்களுடைய குடல் அதைத் தாங்குவதில்லை. இதைக் கண்டுபிடித்து நிரூபித்தவர் வில்லெம் கரெல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை வைத்தியர். 1944-45 குளிர் காலத்தில், யுத்தத்தின் கொடுமையால் ஹாலந்து தேசம் பஞ்சத்தில் வாடியது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்தபோது, சீலியாக் என்ற வயிற்று நோயால் மெலிந்துகொண்டிருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடியும் படுத்துவிட்டார்கள். கோதுமையின் மேல் முன்பே சந்தேகம் கொண்டிருந்த டிக்கே, 1950-இல் தம் ஆராய்ச்சி நூலில் அதை நிலைநாட்டினார்.

அந்தக் குழந்தைகளைப் போன்றவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, வடஇந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். தென்னிந்தியாவில் அதைவிட மிகக் குறைவு. அந்தச் சிலருக்குக் குளூட்டன் இல்லாத உணவு மருந்து. மருந்தை மருந்தாக மதிக்க வேண்டும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று போடக்கூடாது என்பது விதி. அவ்வளவு நுட்பமான விஷயம் அது. தெரு முனை மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கம்பை அரைத்தால் போதும். அந்தக் கம்பு மாவு அந்த நோயாளிக்கு ஆகாது. ஆனால் மற்ற எல்லாரும் அந்த மருந்துச் சீட்டைத் தங்கள் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தால் என்ன ஆகும்? சொல்லுக்கு மரியாதை போய்விடும். ஹோட்டல்காரன் அதை ஒரு பாஷன் என்று நினைத்துக்கொண்டு அலட்சியமாகப் பரிமாறுவான். நிஜமான நோயாளி அகப்பட்டுக்கொள்வான்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோதுமை ரொட்டி ஏன் உப்புகிறது? ஈஸ்ட் உண்டாக்கும் காற்றை அந்தப் பசை வலை போலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குதிரைவாலியில் அந்த வலை இல்லை. அதைக் கொண்டு மேல்நாட்டு ரொட்டியைச் சுட்டால் பாறாங்கல்லாகும். அல்லது மணலாக உதிரும். ஆகவே சமையல் புலவர்கள் மரவள்ளி மாவுச்சத்தைச் சேர்க்கிறார்கள். உருளைக்கிழங்கு மாவுச்சத்தைச் சேர்க்கிறார்கள். சாந்தன் கோந்து என்று ஒரு கோந்தைச் சேர்க்கிறார்கள். கடைசியில் வருவது வெள்ளை மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். 'முழுத் தானியம்' என்று பெயர். தானியமும் இல்லை, முழுமையும் இல்லை.

ஆனால் இந்தச் சிக்கலை நம் பாட்டிமார்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அவிழ்த்துவிட்டார்களே! பசை இல்லாத தானியத்தை எப்படி உப்ப வைப்பது? உளுந்தைச் சேர்த்து அரைத்தார்கள். உளுந்தின் வழவழப்பு காற்றுக் குமிழிகளைப் பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் புளிக்க வைத்தார்கள். காலையில் ஆவியில் வேக வைத்தார்கள். நாலு பங்கு குதிரைவாலிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு அரைத்து ஊற்றிப் பாருங்கள். இட்லி என்பது என்ன? குளூட்டன் இல்லாமல் உப்பிய ரொட்டி! அடுப்புக்குள் வைத்துச் சுடாமல் ஆவியில் சுட்ட ரொட்டி! உலகத்துச் சமையல்காரர்கள் இன்றைக்குத் தலையை உடைத்துக்கொள்ளும் கணக்குக்கு விடையை நாம் தினம் காலையில் சட்னியோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

உப்ப வேண்டாம் என்றால் அதற்கும் வழி கண்டார்கள். கம்பு மாவில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பிசைந்தால் மாவு தானே ஒட்டிக்கொள்ளும். கையால் தட்டி ஓட்டில் போட்டால் ரொட்டி. மாவைப் பிசிறி ஆவியில் வைத்தால் புட்டு. வெல்லம் சேர்த்துப் பிடித்தால் கொழுக்கட்டை. கிண்டினால் களி. புளிக்க வைத்துக் கரைத்தால் கூழ். தானியத்தின் குணத்தை அறிந்து அதற்கேற்ற பாத்திரத்தில் போட்டார்கள். அதைக் கோதுமையாக மாறச் சொல்லி அவர்கள் உபத்திரவம் செய்யவில்லை.

இது நமக்கு மட்டும் உள்ள ஞானம் என்று பெருமையடித்துக்கொள்ளவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் சோள மாவைத் தட்டி பாக்ரி சுடுகிறார்கள். வடகர்நாடகத்தில் சோள ரொட்டி இல்லாமல் சாப்பாடு இல்லை. ராஜஸ்தானத்தில் கம்பு ரொட்டி. எத்தியோப்பியாவில் தெஃப் என்ற பொடித் தானியத்தைப் புளிக்க வைத்து, நம் ஆப்பத்துக்கு அண்ணன் போல இஞ்ஜெரா என்று ஒன்று சுடுகிறார்கள். அந்த ஜனங்கள் தங்கள் தானியத்தைத் தங்கள் வழியிலேயே சாப்பிட்டுக் கௌரவமாக இருக்கிறார்கள். நாம்தான், நம் வீட்டுக் குதிரைவாலி கேக் வேஷம் போட்டுக்கொண்டு வந்த பிறகே அதற்கு நாற்காலி போடுகிறோம்.

"அப்படியானால் சிறுதானியத்தில் எதையுமே பேக்கரி அடுப்பில் சுடக்கூடாதா?" என்று சிலர் சண்டைக்கு வரலாம். அப்படி நான் சொல்லவே இல்லை. பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் உப்ப வேண்டியதில்லை, இழுபட வேண்டியதில்லை, வாயில் போட்டதும் பொடிப்பொடியாக நொறுங்க வேண்டும். பசை இல்லாத கம்பு மாவுக்கு அது பிறவிக் குணம். கம்பு மாவை மணம் வர வறுத்து, நெய்யும் பொடித்த கருப்பட்டியும் கொஞ்சம் ஏலமும் சேர்த்துச் சிறு வட்டங்களாகத் தட்டிச் சுட்டால் அருமையான பிஸ்கட் கிடைக்கும். ஒரு துளி மைதா வேண்டாம். அப்படியிருக்கக் கடையில் விற்கும் பல 'சிறுதானிய' பிஸ்கட்டுகளில் மைதாவோ கோதுமை மாவோ ஏன் முதலிடத்தில் நிற்கிறது? பிஸ்கட்டுக்கு அது தேவை என்பதாலா? இல்லை. மைதா மலிவு என்பதால்! தானியத்தின் பெயர் முன்பக்கத்தில். மைதாவின் எடை உள்ளே. பாலில் தண்ணீர் கலப்பவனையாவது நாம் திட்டுகிறோம். தண்ணீரில் ஒரு துளி பால் கலப்பவனுக்கு ஆரோக்கிய வியாபாரி என்று பட்டம் கொடுக்கிறோம்.

'முழுத் தானியம்' என்ற பேச்சையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். கம்பு, சோளம், கேப்பை மூன்றும் உமி ஒட்டாத தானியங்கள், அப்படியே அரைக்கலாம். குதிரைவாலி, வரகு, சாமை, தினை ஆகியவை உமிக்குள் பூட்டிக் கிடப்பவை. உமியை நீக்காமல் தின்ன முடியாது. நீக்கும்போது நிதானமாக நீக்கினால் உள்ளே இருக்கும் தவிடு தானியத்தோடு தங்கும். கடையில் பளபளவென்று வெளுத்துத் தெரியவேண்டும் என்று மேலும் மேலும் தீட்டினால் தவிடும் நாரும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். முத்துப்போல் வெளுத்த குதிரைவாலியை வாங்கி 'முழுத் தானியம்' சாப்பிடுகிறேன் என்பவர், முழுத் தானியத்தைச் சாப்பிடுகிற மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதுதான்.

கம்புக்கு வேறொரு குணம். அதன் கருவில் கொழுப்பு அதிகம். அரைத்து வைத்தால் சில நாளிலேயே மாவு காறிக் கசந்துவிடும். அதனால்தான் பழைய நாளில் தானியத்தைக் குலுக்கையில் கொட்டி வைத்து, தேவைக்கு மட்டும் திருகையில் அரைத்தார்கள். கம்பு மாவு மாதக் கணக்கில் கெடாமல் கடையில் குந்தியிருக்கிறது என்றால், அதற்குச் சூட்டுப் பக்குவம் செய்திருக்க வேண்டும். அல்லது கருவை எடுத்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் தானியமாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சாப்பிடுகிறவனைப் பற்றிய பேச்சு. விளைவிக்கிறவனைப் பற்றி யார் பேசுவது?

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அதைக் கோரியது இந்திய அரசாங்கமே. விருந்துகள் நடந்தன, கண்காட்சிகள் நடந்தன. நல்லதுதான். ஆனால் மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலைப் பாருங்கள். 2025-26-க்குக் கம்பு குவிண்டாலுக்கு 2,775 ரூபாய். கேப்பைக்கு 4,886 ரூபாய். குதிரைவாலி, வரகு, சாமை, தினை? அந்தப் பட்டியலில் அவற்றுக்கு இடமே கிடையாது. பெயருக்கு ஓர் ஆண்டு கொடுத்தவர்கள் விலைக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. சத்தீஸ்கர் மாநிலம் தன் சொந்தப் பொறுப்பில் வரகுக்கும் சாமைக்கும் விலை அறிவித்து வாங்கிக் காட்டியது. ஆக, மனம் இருந்தால் முடியாத காரியம் அல்ல.

எங்கள் பக்கத்துச் சம்சாரி கணக்குத் தெரியாதவன் அல்ல. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் கேட்டால் மக்காச்சோளம் போடுகிறான். அதுவும் கட்டாதபோது நிலத்தைச் சும்மா போடுகிறான், கருவேலம் புகுந்துகொள்கிறது, பிறகு அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுகிறான். டப்பாக் கேக்கில் எட்டு சதவிகிதம் போய்ச் சேரும் குதிரைவாலியால் அவனுடைய ஒரு குறுக்கம் நிலமாவது காப்பாற்றப்படும் என்று யாராவது எனக்கு எழுதி உறுதி தரட்டும். நானே அந்தக் கேக்குக்கு விளம்பரம் எழுதித் தருகிறேன். ஒரு கேக்குக்கு ஒரு பிடி மாவு. ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு படி தானியம். ஒரு பயிரை வாழவைப்பது தினம் வைக்கிற உலை. எப்போதோ வெட்டுகிற கேக் அல்ல.

இந்த இடத்தில் என் கட்சிக்கு எதிரான ஓர் உண்மையையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்தத் தானியங்களைக் கைவிட்டது பட்டணத்தான் மட்டும் அல்ல. கிராமத்தாரும் விரும்பித்தான் விட்டார்கள். கம்பங்கூழ் என்றால் ஏழ்மை. நெல்லுச்சோறு என்றால் தீபாவளி. அப்படித்தான் பல வீடுகளில் இருந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு ரேஷன் அரிசி வந்தது; 2011 ஜூன் மாதத்திலிருந்து அதுவே விலையில்லா அரிசியாயிற்று. அந்த அரிசி எத்தனையோ வீடுகளில் பசியைத் துரத்தியது. அதைப் பழிப்பவன் பசியை அறியாதவன். பெண்களின் கையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, சுளகில் புடைத்து, மறுபடியும் குத்திக் காய்ச்ச வேண்டும். "நெல்லுச்சோறு வந்த அன்னைக்குத்தான் என் தோள்பட்டை கண்ணை மூடித் தூங்குச்சு" என்று பெரியம்மாவே சொல்லியிருக்கிறாள். பழம்பெருமை பேசும் ஆண்பிள்ளைகளுக்கு உலக்கையின் கனம் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆகவே உரலுக்குத் திரும்புங்கள் என்று நான் உபதேசிக்க வரவில்லை. என் வழக்கு மிக எளியது. ஊருக்கு நடுவில் உமி நீக்கும் சிறு யந்திரம் வேண்டும். நெல்லுக்கு ரைஸ் மில் இருப்பதுபோல. குதிரைவாலிக்கும் வரகுக்கும் ஆதரவு விலை வேண்டும். விளைகிற ஊரின் ரேஷன் கடையில் விளைகிற தானியம் கிடைக்க வேண்டும். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேப்பை கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அந்தக் காரியத்தை அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் குதிரைவாலியைக் கொண்டு செய்யலாகாதா? தை மாதத்தில் களத்துமேட்டில் வாங்கி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவிலேயே போடலாகாதா? யோசித்துப் பார்த்தால், கேக்குக்கு ஆகும் சாமர்த்தியத்தில் பாதி போதும் இதற்கு.

கதை வாசிக்கும் வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. டப்பாவை வாங்குவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். தானியத்தின் பெயர் பட்டியலில் முதலில் இல்லையென்றால் அது தானியப் பண்டம் அல்ல; தானியத்தின் பெயரில் நடக்கும் வியாபாரம். வாரத்துக்கு இரண்டு நாள் இட்லிப் பானையில் குதிரைவாலியை ஊற்றுங்கள். அதற்கு வெள்ளைக்காரப் பெயர் தேவையில்லை.

அன்று சாயங்காலம் மழை வரவில்லை. பெரியம்மா குலுக்கையில் மிச்சமிருந்த பழைய குதிரைவாலியில் ஒரு படி எடுத்து, துவரம்பருப்பும் மிளகாயும் பூண்டும் போட்டு அரைத்து அடை சுட்டாள். சின்ன வெங்காயத்தை நறுக்கி மேலே தூவினாள். பேத்தி அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்று சாப்பிட்டாள்.

"சித்தப்பா, இதிலேயும் குளூட்டன் கிடையாதில்லே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"கிடையாது. டப்பாவும் கிடையாது" என்றேன்.

பெரியம்மாவுக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே, "மழை பெய்யுமாய்யா? விதை மண்ணுக்குள்ளே கிடக்கே" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மழையை நாம் கொடுக்க முடியாது. விலையைக் கொடுக்க முடியும்.